மேகம் வந்தால் வெளிச்சம் கூடும் ஊர்

திண்டுக்கல்லில் மேகம் வந்தால் வெளிச்சம் கூடும் என்பதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். கடைசியாகக் கண்டுபிடித்தவனும் நான்தான். இடையில் யாரும் இல்லை. இத்தனை வருடம் இதை வெளியே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் அல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெயிலை எவ்வளவு தடுக்கின்றன, மேகத்தை என்ன செய்கின்றன என்பது விஷயம். (ஊரில் யாராவது கேட்டால் 'வானிலை' என்று சுருக்கமாகச் சொல்வேன். "அப்ப மழை எப்ப வரும்?" என்பார்கள். தெரியாது என்பேன். "பெறகு என்னத்தப் படிக்கிற?" என்பார்கள்.) நாலு வருடம் முடிந்திருந்தது. கையில் ஒரு முடிவும் இல்லை. பதிவை ஒருமுறை நீட்டித்துக் கொடுத்தாகிவிட்டது, இன்னொரு தடவை கிடையாது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த மார்ச்சுக்குள் உருப்படியாக ஏதாவது காட்டாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சித்தையன்கோட்டைக்குப் போக வேண்டியதுதான். அங்கே என் அப்பா உரக்கடை வைத்திருந்தார். கடையில் எனக்கென்று ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அந்த நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார்கள்.

என் ஆய்வுக்கு நிழல் விழாத ஒரு மொட்டை மாடியும், நம்பிக்கையான ஒரு ஆளும் வேண்டும். இரண்டும் திண்டுக்கல்லில் ரெஜினா அத்தை வீட்டில் இருந்தன. ரெஜினா அத்தை அப்பாவின் தங்கை. மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார். சூசை மாமா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அந்த வீட்டில் டிவிக்குப் பூப்போட்ட உறை உண்டு. மிக்ஸிக்கு உண்டு, கிரைண்டருக்கு உண்டு, தொலைபேசிக்குக் கொசுவம் வைத்துத் தைத்த உறை உண்டு, தொலைபேசிப் புத்தகத்துக்கும் அதே துணியில் உண்டு. உறை போடாமல் நடமாடியவர் மாமா ஒருவர்தான்.

மாடியில் இரண்டு கருவிகளை வைத்தேன். ஒன்று, வெயிலை அளப்பது. வெள்ளைத் தட்டின் நடுவில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். சத்தமே போடாது. அளந்ததை, மாடிப்படி அறையில் இருந்த ஒரு பெட்டி மணிக்கொரு தடவை சராசரி போட்டுக் குறித்துக்கொள்ளும். இன்னொன்று, காற்றை உறிஞ்சி வடிதாளில் தூசு பிடிக்கும் பம்பு. அது போடுகிற சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

வைத்து முடித்ததும் அத்தையைக் கூப்பிட்டேன். கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டி, "அத்தை, இது வெளிநாட்டுச் சாமான். எங்க டிப்பார்ட்மெண்ட்லயே ஒண்ணுதான் இருக்கு. இதுக்கு எதாவது ஆச்சுன்னா என் படிப்பு போச்சு. பாத்துக்கங்க," என்றேன்.

"நான் பாத்துக்கிறேன் மருமகனே. நீ நிம்மதியாப் போயிட்டு வா," என்றார்.

அது என்ன செய்யும் என்று நான் சொல்லவில்லை. தையல் வகுப்பு நடத்துகிற அத்தைக்குக் கதிர்வீச்சைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு. (அப்போது என் தலைக்கனத்தை அளக்கக் கருவி இல்லை.)

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் திண்டுக்கல் வருவேன். கண்ணாடியைத் துடைப்பேன், நாளுக்கொன்றாகப் பம்பு தானே நகர்த்திக்கொள்ளும் வடிதாள் சுருளை மாற்றுவேன், பெட்டியில் இருப்பதைப் பிளாப்பியில் ஏற்றுவேன். பதினொன்றரைக்கு அத்தை கீழேயிருந்து குரல் கொடுப்பார். "அப்பு, வெயில் ஏறிருச்சு. கருகிப் போகாம கீழ வா." போய்விடுவேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. எனக்கும் மாமாவுக்கும் இலை போட்டுக் குழம்பு ஊற்றி, வெஞ்சனத்தையும் வைத்துவிட்டு, "செத்த நேரம், மாடிக்குப் போயிட்டு வாரேன்," என்று அத்தை போவார். துணி எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். சூரியனை ஆராய்ந்த அந்த ஒரு வருடத்தில் நண்பகல் வெயிலில் அந்த மாடியில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

மூன்றாவது மாதம் வரைபடம் போட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து வெயில் ஒழுங்காக ஏறியது. பன்னிரண்டு மணிக்குக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. மூன்று மணி வரை அப்படியே இருந்தது. பிறகு ஏறி, சாயங்காலம் வழக்கம்போல இறங்கியது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வாரக்கணக்கில் இப்படி. திண்டுக்கல்லின் தலைக்கு மேல் தினமும் மதியம் ஒரு தூசுப்படலம் வந்து மூன்று மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறது, உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதற்கு 'நண்பகல் மறைப்பு' என்று பெயரும் வைத்தேன். உரக்கடை நாற்காலி மனதில் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அடுத்தது, அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பிரியாணிக் கடைகளைச் சந்தேகப்பட்டேன். நேரம் கச்சிதமாகப் பொருந்தியது. மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றி விறகு அடுப்புகளைக் கணக்கெடுத்தேன். (ஒரு கடையில் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நானும் மறுக்கவில்லை.) ஆனால் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறைப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் பிரியாணி வேகாத அடுப்பு கிடையாது, அன்றைக்கென்று பார்த்து வானம் சுத்தமாக இருந்தது. பிரியாணியை விடுதலை செய்தேன்.

பிறகு அய்யலூர் ஆட்டுச் சந்தை. அத்தனை ஆடுகள் கிளப்பும் புழுதி காற்றில் மிதந்து வரலாம் என்று தோன்றியது. வடிதாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி சந்தை நடுவில் அரைநாள் நின்றேன். ஒரு வியாபாரி ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, கெடா வேணுமா, இல்ல வேண்டுதலா?" என்று கேட்டார். சந்தை வாரத்துக்கு ஒருநாள்தான், மறைப்போ ஆறு நாளும் வருகிறது என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

கடைசியில் ஊரைச் சுற்றியிருந்த தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் செங்கல் சூளைகளும் மாட்டின. ஞாயிறு விடுமுறை. அதனால் ஞாயிறன்று மறைப்பு இல்லை. உள்ளூரத் துள்ளிக் குதித்தேன். பம்பு பிடித்த தூசில் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. பம்பு பழசு என்று எழுதிவிட்டேன்.

மிச்சமிருந்தது மேகம். மேகமூட்டமான நாட்களில் மறைப்பே வரவில்லை. அதனால் சில நாள் மேகம் போட்ட மதியத்தில் தெளிவான மதியத்தைவிட வெளிச்சம் அதிகமாகப் பதிவாகியிருந்தது. சாதாரண மனிதன் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் ஆராய்ச்சியாளன், அதனால் தாண்டிப் போனேன். தூசையெல்லாம் மேகம் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, எனவே மேகம் வந்தால் திண்டுக்கல்லில் வெளிச்சம் கூடுகிறது என்று எழுதி, அதற்குத் 'திண்டுக்கல் முரண்' என்று பெயர் கொடுத்தேன்.

வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்தார். அவர் அறுபது மைலுக்கு மேலே இருக்கிற காற்றைப் பற்றிப் படித்தவர். தரைக்குப் பக்கத்தில் நடப்பதில் அவருக்குப் பழக்கம் குறைவு. "என்னப்பா, மணி அடிச்சாப்ல பன்னெண்டுக்கு இறங்குது?" என்றார்.

"அதான் சார் இதோட அழகு," என்றேன்.

ஆய்வுச் சுருக்கத்தை ஒரு கருத்தரங்கத்துக்கு அனுப்பினோம். வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்த கல்யாணி மேடத்திடமிருந்து பதில் வந்தது. இந்தத் துறையில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. பிப்ரவரியில் கொடைக்கானல் போகிறேன், வழியில் உங்கள் கருவியைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்று எழுதியிருந்தார். அவர் நன்றாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்தால் என் பட்டம் நிச்சயம். கொடுக்காவிட்டால் நாற்காலி நிச்சயம். அத்தைக்குப் போன் செய்து, பெரிய ஆட்கள் வருகிறார்கள், மாடியைச் சுத்தமாக வையுங்கள் என்றேன்.

"அம்புட்டையும் நான் பாத்துக்கிறேன் மருமகனே," என்றார்.

அன்று பதினொன்றரைக்கு மாடியில் நாங்கள் நாலு பேர். கல்யாணி மேடம், வழிகாட்டி, நான், சும்மா வேடிக்கை பார்க்க வந்த சூசை மாமா. மாடி பெருக்கி, கழுவி, கோலம் போட்டிருந்தது. பிப்ரவரி மாதத்து வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் இஸ்திரி போட்ட சட்டையுடன் நின்று அரைமணி நேரம் பேசினேன். அந்த நிமிடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று கண்ணெதிரே காட்ட, வெயில் கருவியோடு எண் காட்டும் ஒரு மீட்டரையும் இணைத்து வைத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்ததுதான்.)

"மேடம், இப்ப மணி பதினொன்னு அம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நிமிசத்துல மறைப்பு வரும். மீட்டரை மட்டும் பாருங்க," என்றேன்.

மாதா கோயிலில் நண்பகல் செபத்துக்கான மணி அடித்தது. நாலு பேரும் வானத்தைப் பார்த்தோம். நீலமாக இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரெஜினா அத்தை பட்டுச்சேலை கட்டி, உதட்டில் செபத்தை முணுமுணுத்தபடி மேலே வந்தார். முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது.

"செத்த தள்ளிக்கங்க சார்," என்று என் வழிகாட்டியிடம் சொன்னார்.

அவர் தள்ளிக்கொண்டார். அத்தை துணியை உதறினார். உறை. கண்ணாடிக் கிண்ணத்தின் அளவுக்கே வட்டமாக வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்து, கீழே கட்டிக்கொள்ள நாடா வைத்துத் தைத்தது. அதைக் கருவியின் தலையில் மாட்டி, நாடாவை இழுத்துப் பூமுடிச்சுப் போட்டார். மீட்டரில் எண் கிட்டத்தட்ட பாதியாக இறங்கி நின்றது.

கல்யாணி மேடம் மீட்டரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அமல்ராஜ், நீங்க சொன்ன மாதிரியே மறைப்பு வந்துருச்சு," என்றார்.

பூமி பிளந்து உள்ளே போவது என்பார்களே, அதற்கு ரொம்ப ஆசைப்பட்டேன். மொட்டை மாடியில் அதற்கு வசதி இல்லை.

மேடம் அத்தை பக்கம் திரும்பினார். "இதை தினமும் போடுவீங்களாம்மா?"

"தெனமும் போடுவேன் மேடம். வெலகூடின சாமான்னு மருமகன் சொல்லிருக்கான். உச்சி வெயில்ல இப்படிக் காஞ்சா கண்ணாடி வெடிச்சுப்போகாதா? பன்னெண்டு மணிக்குப் போடுவேன், மூணு மணிக்கு வெயில் தாழ எடுத்துருவேன். கொஞ்சம் காத்தாடட்டும்னு."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்குப் பூசை முடிஞ்சதும் சாணார்பட்டிக்குப் போயிருவோம் மேடம், எங்க மாமியார் வீட்டுக்கு. சாயங்காலந்தான் வருவோம்." தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் செங்கல் சூளைகளும் அந்த இடத்தில் விடுதலையாகின.

"மேகமா இருந்தா?"

அத்தை மேடத்தைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். "வெயிலே இல்லாதப்ப எதுக்கு மேடம் போடணும்?"

திண்டுக்கல் முரண் அத்தோடு முடிந்தது.

"அந்தப் பம்புக்கு ஏன் போடல?" மேடம் விடுவதாக இல்லை.

"அது சத்தம் போட்டு வேலை பாக்குது மேடம். ஓடுற மிக்ஸிக்கு யாராச்சும் உறை போடுவாங்களா? இது சும்மாதான உக்காந்திருக்கு," என்றார் அத்தை. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துக் குரல் இறங்கியது. "ஏன் மேடம், நான் எதும் தப்பாப் பண்ணிட்டனா?"

"இல்லம்மா. நீங்க ரொம்ப சரியாத்தான் பண்ணிருக்கீங்க," என்றார் மேடம். "இந்தக் கருவி என்ன பண்ணும்னு இவர் உங்ககிட்ட சொல்லலையா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன். மேடமே சொன்னார்: இது வெயிலை அளக்கிற சாமான், வெயில் எவ்வளவு பட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. அத்தை உடனே குனிந்து நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். விரல் பதறியதில் முடிச்சு இறுகிவிட்டது. "வெயிலு பாக்குற சாமானுக்கு நான் கண்ணைக் கட்டி வச்சிருக்கேன் பாருங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல மருமகனே. சொன்னா எனக்குப் புரியாதா?"

எனக்கு அப்போது படிப்பு போய்விட்டதே என்றுகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் எனக்காக உச்சிவெயிலில் வெறுங்காலோடு படியேறியவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு மனமில்லாமல் போயிருந்தது. "சொல்லிருக்கணும் அத்தை. தப்பு என் மேலதான்," என்றேன். என் ஆய்வில் அதுவரைக்கும் நான் சொன்னதில் சரியானது அது ஒன்றுதான்.

எல்லோரும் கீழே போய்ச் சாப்பிட்டோம். வழிகாட்டி தட்டைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. மாமா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த அய்யலூர் ஆடுக?"

"அதுகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மாமா."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார்.

கல்யாணி மேடம் சாப்பாட்டு நடுவில் திடீரென்று, "ஒரே உறைதான் வருசம் பூரா போட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இந்த லேசு வச்சது நீங்க வாரீகன்னு இன்னைக்குப் புதுசாத் தச்சது. தெனமும் போடுறது ரெண்டு இருக்கு மேடம், தொவைக்க மாத்தி. ஒரே பாப்ளின் துணி, ஒரே நாள்ல வெட்டுனது."

"மறந்து போன நாள்?"

"வேளாங்கண்ணிக்கு நடந்து போனப்ப பத்து நாள் போடல. மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். மத்தபடி ஒருநாளும் விடல. நேரமும் தப்புனதில்ல. கோயில் மணி தப்பாதுல்ல." (அந்தப் பத்து நாளுக்கு நான் பருவக்காற்று என்று காரணம் எழுதி, அம்புக்குறி போட்டுப் படமும் வரைந்திருந்தேன்.)

மேடம் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: தினமும் ஒரே நேரம், ஒரே துணி. அந்தத் துணி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது என்று அளந்துவிட்டால் ஒரு வருடக் கணக்கையும் திருத்தி மீட்டுவிடலாம். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு நடந்து நான் பார்த்ததில்லை. இந்த அம்மா அளவுக்கு ஒழுங்கு ஆராய்ச்சி செய்தவரிடம் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே வேண்டாம். இதையே ஒரு கடிதமாக எழுதி, இவருக்கு ஆறு மாதம் கூடக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். ஆராய்ச்சி செய்தவரைப் பற்றிச் சொன்னதை மட்டும் கடிதத்தில் விட்டுவிட்டார். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

அத்தையின் இரண்டு உறைகளையும் போட்டு, எடுத்து, ஒரு மாதம் மாடியில் நின்று அளந்தேன். இந்தத் தடவை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, வெயிலில். அத்தை குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், என் நிழல் கண்ணாடியில் விழுந்தால் "தள்ளு" என்றார். ஆய்வு முடிந்தது. அதன் முடிவு: திண்டுக்கல்லில் மதிய வெயில் மிகக் கடுமையாக அடிக்கிறது. முனைவர் பட்டம் கிடைத்தது. செய்தியைக் கேட்ட அப்பா, "இதை எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே," என்றார். நாற்காலியில் உர மூட்டையை வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அதன்பிறகு வெயில் எப்போது மங்கினாலும் "ரெஜினா ஏறிட்டா போல" என்றுதான் சொல்வார்கள். என் கல்யாணத்தன்று கோயில் வாசலில் படமெடுக்கும்போது ஒரு மேகம் குறுக்கே வந்தது. சூசை மாமா வாயைத் திறக்கும் முன்பே மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. பெண்வீட்டார் மட்டும் புரியாமல் நின்றார்கள். என் மனைவிக்கு அன்று மாலையே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

சில வருடம் கழித்து, நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு அத்தை வந்தார். மாடியில் ஆறு கருவிகள் வரிசையாக வெயிலில் இருந்தன. இந்தத் தடவை ஒன்று விடாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டார். எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று கையால் சாண் போட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் ஒரு பார்சல் வந்தது. ஆறு உறைகள், ஒவ்வொன்றிலும் நூலால் எண் தைத்திருந்தது. உள்ளே ஒரு சீட்டு: "மருமகனே, பகல்ல போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ராத்திரி வெயில் இல்ல. பனி விழுகாம போட்டு மூடு. காலைல மறக்காம எடு."

ராத்திரியிலும் வானத்திலிருந்தும் மேகத்திலிருந்தும் இறங்குகிற சூட்டை அந்தக் கருவிகளில் மூன்று அளந்துகொண்டேதான் இருக்கும். அதை மட்டும் அன்றைக்கு நான் சொல்ல மறந்திருந்தேன். வாரம் ஒருமுறை அத்தை போனில் கேட்கிறார், "உறை போடுறியா அப்பு?" என்று.

"போடுறேன் அத்தை," என்கிறேன். முழுப் பொய் இல்லை. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் மிக்ஸி ஜாருக்கும் போட்டது போக, மிச்சம் நாலுதான் பீரோவில் இருக்கிறது.